இரண்டு எண்களுக்கு நடுவே என் பூட்டன்

1901ஆம் ஆண்டு இலங்கையில் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் நாட்டின் மொத்தச் சனத்தொகை என்று இரண்டு வேறு எண்களைத் தருவதுண்டு. ஒன்று 3,565,954, மற்றையது 3,578,333. முதலாவது எண் படையினரையும், கப்பல்களில் இருந்தவர்களையும், தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டிருந்த போவர் கைதிகளையும் விலக்கியது. இரண்டாவது எண் அவர்களையும் சேர்த்தது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 12,379. அதில் கைதிகள் மட்டும் 4,914 பேர். அவர்களைக் கழித்துவிட்டால் எஞ்சும் 7,465 பேருக்குள், படையினருக்குப் பக்கத்தில், என் பூட்டனும் ஒரு தலையாக எண்ணப்பட்டிருக்கலாம். அதற்கும் அவருடைய பாய்க்கப்பல் மதிப்பீடு எடுத்த இரவில் இலங்கைத் துறை ஒன்றில் நங்கூரமிட்டிருக்க வேண்டும். ரங்கூனில் நின்றிருந்தால் அவர் இந்தியக் கணக்கெடுப்பின் பர்மா மாகாணத் தொகைக்குள் போயிருப்பார். வங்காள விரிகுடாவின் நடுவே இருந்திருந்தால் எந்த அரசாங்கமும் அவரை எண்ணியிராது.

பூட்டன் என்று நான் சொல்வது என் அப்பப்பாவின் தகப்பனாரை. வல்வெட்டித்துறையில் பிறந்து, அங்கேயே தண்டையல் எனப்படும் கப்பல் தலைவராகி, நாகப்பட்டினம், காக்கிநாடா, சிட்டகாங், ரங்கூன் என்று அரிசிக்கும் தேக்குக்கும் கப்பல் கொண்டுபோய் வந்தவர் அவர். அவருக்கு ஒரு தம்பியார் இருந்தார். எங்கள் குடும்பத்தில் இந்த இருவரைப் பற்றியும் ஆளுக்கொரு கதை வழங்கிவந்தது. தமையனார் அன்னபூரணிக் கப்பலில் அமெரிக்காவுக்குப் போனவர் என்பது முதற் கதை. தம்பியார் வெள்ளைக்காரனுடைய கப்பலில் லண்டனுக்குப் போய் அங்கேயே இறந்துபோனார் என்பது இரண்டாவது கதை. கனடாவின் ஸ்காபரோவில் இருந்துகொண்டு இந்த இரண்டையும் பத்திரங்களில் தேடிப் பார்ப்பது என்று நான் தொடங்கி ஆறு வருடங்கள் ஆகின்றன. முதற் கதை முழுப் பொய் என்று தெரிந்துவிட்டது. இரண்டாவதில் பாதி உண்மை கிடைத்திருக்கிறது.

தேடத் தொடங்கியபோது நான் செய்த முதற் பிழை, குடிசன மதிப்பீட்டை நம்பியது. என்னோடு வேலை செய்கிற ஸ்கொட்லாந்து வழிவந்த ஒருவர், தன் முப்பாட்டன் மீன்பிடிக் கப்பல் ஒன்றின் மேலாள் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் கண்டுபிடித்ததை எனக்குக் காட்டினார். பிரித்தானியாவில் 1841 முதல் வீட்டுவாரியான பெயர்த் தாள்கள் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. நூறு வருடம் கழிந்ததும் அவை பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 1931ஆம் ஆண்டுத் தாள்கள் 1942இல் தீயில் அழிந்தன, 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை என்ற இரண்டு ஓட்டைகளைத் தவிர்த்தால் அது தொடர்ச்சியான சங்கிலி. கடலில் இருப்பவர்களுக்கும் அங்கே வழி உண்டு. துறையில் நிற்கும் கப்பலின் தலைவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, அன்றிரவு கப்பலில் உறங்குகிற அனைவருடைய பெயர், வயது, தொழில், பிறந்த இடம் ஆகியவற்றை எழுதி வாங்குவார்கள். அப்படி நிரப்பப்பட்ட கப்பல் தாள்கள் 1861 முதல் பெருமளவில் எஞ்சியிருக்கின்றன.

அதைப் பார்த்து, இலங்கையிலும் 1871 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை மதிப்பீடு நடந்திருக்கிறதே, ஆட்சியும் அதே ஆட்சிதானே என்று நான் கணக்குப் போட்டேன். 1901ஆம் ஆண்டு மதிப்பீட்டை நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம் என்பது எனக்குக் கூடுதல் உற்சாகத்தைத் தந்தது. அவருடைய அறிக்கை அருமையான வாசிப்பு. இனம், சமயம், தொழில், எழுத்தறிவு என்று எதைக் கேட்டாலும் அந்தத் தொகுதிகளில் ஓர் அட்டவணை இருக்கும். ஆனால் அட்டவணையைக் கூட்டி முடித்தபின், கூட்டுவதற்கு ஆதாரமாக இருந்த வீட்டுத் தாள்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆட்சிக்குத் தோன்றவில்லை. இந்தியாவிலும் இதே நிலைதான். வல்வெட்டித்துறை இருக்கும் வடமராட்சியில் எத்தனை பேர் என்பது அச்சில் இருக்கிறது. யார் யார் என்பது இல்லை. இந்த விடயத்தை நான் ஊரிலிருக்கும் மாமிக்குத் தொலைபேசியில் விளங்கப்படுத்தியபோது அவர் சிரித்தார்: "கடலுக்குப் போன மனுசனைக் கச்சேரியிலை போய்த் தேடினா எப்பிடியப்பு காணுவாய்?" கச்சேரி என்று அவர் சொன்னது அரசாங்க அலுவலகத்தை.

மாமி சிரித்ததோடு நிறுத்தவில்லை. பூட்டனுடைய கல்வெட்டின் ஒரு பிரதி தன்னிடம் இருக்கிறது என்று சொல்லி, அதன் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினார். யாழ்ப்பாணத்தவர் அல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை: இங்கே கல்வெட்டு என்பது கல்லில் வெட்டியதல்ல. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வீட்டுக் கிருத்தியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக அச்சிடும் சிறு புத்தகம் அது. தேவாரம், இறந்தவரின் வம்ச வரலாறு, பிள்ளைகள் பேரப்பிள்ளைகளின் புலம்பல் பாக்கள் எல்லாம் அதில் இருக்கும். முதற் பக்கத்தில் திதி வெண்பா என்ற ஒன்று இருக்கும். திவசம் பிசகாமல் கொடுப்பதற்கு வேண்டிய வருடம், மாதம், பக்கம், திதி ஆகிய நான்கையும் ஒரு வெண்பாவுக்குள் அடக்கியிருப்பார்கள். நான் பார்த்த வரையில் எந்த அரசாங்கப் பத்திரத்தையும்விட எங்கள் மரபில் மரணத் திகதியை நம்பிக்கையாகச் சொல்வது இதுதான். ஏனென்றால் திதி பிழைத்தால் பிதிர்க்கடன் பிழைக்கும்.

அந்த வெண்பாவில் ஆவணி, தசமி என்பவற்றோடு "சுக்கில" என்ற சொல் இருந்தது. நான் அதை வளர்பிறை என்று பொருள் கொண்டு, வருடத்தைச் சொல்லாமல் புலவர் விட்டுவிட்டார் என்று அவரைக் குறை கூறிக்கொண்டு, ஏறக்குறைய அரை வருடத்தை வீணாக்கினேன். பிறகு கோயிலில் ஐயர் ஒருவரிடம் காட்டியபோது, வெண்பாவின் மூன்றாம் அடியில் "பூர்வ" என்று வளர்பிறை வேறாகச் சொல்லப்பட்டிருக்கிறது, அப்படியானால் சுக்கில என்பது வருடம் என்று ஒரு நொடியில் சொன்னார். அறுபது வருடச் சுற்றில் பிரபவ, விபவ என்பவற்றுக்கு அடுத்தது சுக்கில. அது 1869இல் ஒருமுறையும் 1929இல் ஒருமுறையும் வந்தது. 1869இல் பூட்டனுக்குக் கலியாணமே ஆகவில்லை. ஆகவே அவர் இறந்தது 1929 ஆவணியில்.

இந்த ஒரு திகதியோடு முதற் கதை முடிந்துவிட்டது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி அம்மாள் என்ற இரண்டு பாய்மரக் கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் வாங்கி, புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயர் மாற்றி, வல்வெட்டித்துறைக் கடலோடிகளைக் கொண்டே அத்திலாந்திக்கைக் கடந்து, மசசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறையில் கொண்டுபோய்ச் சேர்த்தது 1938 ஆகஸ்ட் 1ஆம் திகதி. அப்போது நடந்தது வெகுதானிய வருடம்; பூட்டன் இறந்து ஒன்பது வருடம். அந்தக் கப்பலில் போன எம்மவர்களை ஒரு கை விரல்களுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ எண்ணிவிடலாம். ஆனால் என் பாட்டன் அதில் போனவர் என்று சொல்கிற குடும்பங்கள் ரொறன்ரோவில் மட்டும் எனக்குத் தெரிந்து பதினொன்று. எங்களுடையது பன்னிரண்டாவதாக இருந்தது. மாமிக்கு இதைச் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இருந்தாலும் அந்தப் பொய்க் கதை எனக்கு ஒரு நல்ல காரியம் செய்தது. அமெரிக்கத் துறைக்கு வரும் கப்பல் ஒவ்வொன்றும் தன் அந்நியத் தொழிலாளரின் பட்டியலைக் குடிவரவு அதிகாரிகளிடம் கொடுக்க வேண்டும். குளொஸ்டருக்கு 1918 முதல் 1943 வரை வந்த கப்பல்களின் பட்டியல்கள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் நுண்படச் சுருள்களாக இருக்கின்றன. அந்தப் படிவத்தில் பெயரும் வயதும் மட்டும் கேட்கப்படுவதில்லை. கடலில் எத்தனை வருடம், கப்பலில் என்ன பதவி, எங்கே எப்போது வேலைக்கு அமர்ந்தார், வாசிக்கத் தெரியுமா, உயரம் என்ன, நிறை என்ன, உடம்பில் தழும்பு ஏதும் உண்டா என்பது வரை பத்திகள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் வல்வெட்டித்துறைக்கும் ரங்கூனுக்கும் இடையில் நூறு முறை போய் வந்த தண்டையல் ஒருவரின் உயரத்தையோ கையிலிருந்த தழும்பையோ எவரும் எழுதிவைத்ததில்லை. சொந்தக் கரைக்கும் பழகிய கரைக்கும் இடையில் ஓடியவர்களைச் சட்டம் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பார்த்தபோதும் கப்பலையும் சரக்கையும் பார்த்தது. அரசாங்கத்தின் நீலப் புத்தகங்கள் என்ற ஆண்டுப் புள்ளிவிவரத் தொகுப்புகளில் யாழ்ப்பாணத் துறைகளுக்கு வந்த கப்பல்களின் தொகையும் தொன் அளவும் இருக்கின்றன. ஆட்களின் பெயர் இல்லை.

ஆகவே பூட்டனை நான் கடலில் தேடுவதை விட்டு நிலத்தில் தேடினேன். அதை இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். காணி உறுதிகள் இரண்டு கிடைத்தன. ஒன்றில் அவர் பெயருக்குப் பக்கத்தில் தண்டையல் என்று நொத்தாரிசு எழுதியிருக்கிறார். கப்பல்காரர் கோயிலுக்குக் கொடுத்த மகமைக் கணக்கின் சில பக்கங்களை ஓர் உறவினர் கையால் பிரதி செய்து வைத்திருந்தார். அதிலும் கப்பலின் பெயரோடு அவர் பெயர் வருகிறது. பழைய யாழ்ப்பாணப் பத்திரிகைகளின் தொகுப்புகள் யாழ் பொது நூலகத்தில் இருந்தன. 1981இல் நூலகம் எரிக்கப்பட்டபோது தொண்ணூற்றேழாயிரம் நூல்களும் சுவடிகளும் அழிந்தன என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குப் பின் எஞ்சியவற்றைத் தேடுகிறவர்கள் 'நூலகம்' என்ற பெயரில் இயங்கும் மின்னூலக இணையத்தளத்திலிருந்து தொடங்குவது நல்லது. அங்கே மின்வருடப்பட்ட நினைவு மலர்கள் ஏராளம். உங்கள் வம்சத்துக் கல்வெட்டு இல்லாவிட்டாலும் சம்பந்திகளுடைய கல்வெட்டு இருக்கும். அதற்குள் உங்கள் பூட்டி யாருக்கோ தங்கையாக ஒரு வரியில் ஒளிந்திருப்பார்.

தம்பியாரின் கதை வேறு. அவர் ஒரு கடிதம் விட்டுச்சென்றிருந்தார். கொழும்பிலிருந்து தமையனுக்கு எழுதிய ஒற்றைத் தாள் அது. மாசி மாதம் என்று இருக்கிறது. வருடம் எழுதிய மூலை மடிந்து உதிர்ந்துவிட்டது. தான் நலம், பிள்ளைகளுக்குச் சுகமா, பனங்காணி வேலியை அடைக்கவும் என்பதோடு, தான் ஏறப்போகும் கப்பலின் பெயரையும் காதில் விழுந்தபடி தமிழில் எழுதியிருந்தார்: "கிளான் மக்". அதற்கு மேல் இராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. கிளாஸ்கோவின் கிளான் கம்பனிக் கப்பல்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஓடியவை என்று அறிந்து மகிழ்ந்த அன்றைக்கே, அந்தக் கம்பனி தன் கப்பல்களுக்கெல்லாம் கிளான் மக் என்று தொடங்கும் பெயர்களையே பெரும்பாலும் வைத்தது என்பதையும் அறிந்து சோர்ந்துபோனேன். பூச்சி தின்ற மீதி இரண்டெழுத்தில்தான் எல்லாம் இருந்தது.

இந்த இடத்தில் நான் பழைய வழக்கப்படி ஆளைத் தேடப் போய் இரண்டாவது முறையும் வழுக்கினேன். 1901 மார்ச் 31ஆம் திகதி இரவு எடுக்கப்பட்ட பிரித்தானிய மதிப்பீட்டின் கப்பல் தாள்களில், லண்டனின் றோயல் அல்பேர்ட் துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலில், தம்பியாரின் பெயரை நினைவூட்டும் ஒரு பெயர் கிடைத்தது. நினைவூட்டும் என்றுதான் சொல்ல முடியும். எங்கள் பெயர்களை அந்த எழுத்தர்கள் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஆறுமுகம் என்ற பெயர் ஆரமோகம், அரிமுகன், ஹாரி மூகம் என்றெல்லாம் உருமாறும். தகப்பன் பெயர் முன்னும் தன் பெயர் பின்னும் வரும் எங்கள் முறை தெரியாததால், அகரவரிசையில் மகன் தகப்பனுடைய பெயரின் கீழோ, தகப்பன் மகனுடைய பெயரின் கீழோ போய் உட்கார்ந்திருப்பார். எனக்குக் கிடைத்தவருக்கு வயது 28, பிறந்த இடம் சிலோன், வேலை கொதிகலனுக்குக் கரி போடுவது. எட்டு மாதம் அவரை என் சொந்தம் என்று கொண்டாடினேன். அவர் அடுத்து ஏறிய கப்பலில் வேலைக்கு அமர்ந்தவர்கள் கையெழுத்திட்ட தொழிலாளர் உடன்படிக்கையை வரவழைத்துப் பார்த்தபோது, கையெழுத்திட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி இருந்தது. பக்கத்தில் "இவருடைய அடையாளம்" என்று எழுத்தர் குறித்திருந்தார். எங்கள் வீட்டுக் கடிதத்தை எழுதியவருக்குப் பெருக்கல் குறி போடவேண்டிய அவசியம் இல்லை. அந்த மனிதர் யாருடைய பூட்டனோ. அவரைப் பற்றிச் சேர்த்த தாள்களைத் தனி உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

கடல்வழி முன்னோரைத் தேடிப் பழகியவர்கள் சொல்கிற புத்தி, ஆளை விட்டுக் கப்பலைப் பிடி என்பது. அதைக் கேட்காமல் இருந்ததற்கு எனக்குக் கிடைத்த தண்டனை இந்த எட்டு மாதம். காரணம் எளிமையானது. 1854ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பிரித்தானியக் கொடியின் கீழ்ப் பதிவாகும் ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் அதிகார எண் கொடுக்கப்பட்டது. கப்பலின் பெயர் மாறினாலும், விற்கப்பட்டு வேறு துறையில் பதிவானாலும், எண் மாறாது; நடு உத்தரத்தில் அதைச் செதுக்கியே ஆகவேண்டும். இந்த உடன்படிக்கைகளும் அவற்றோடு சேர்ந்த தொழிலாளர் பட்டியல்களும் அந்த எண்ணின் கீழ்தான் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆட்களின் பெயர்வரிசையில் அல்ல. ஒரே பெயரில் ஒரே காலத்தில் நாலு கப்பல் ஓடும், ஆனால் எண் ஒவ்வொன்றுக்கும் வேறு. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் இலவச அட்டவணைகளை, தொழிலாளர் பட்டியல்களுக்காகவே இயங்கும் பிரித்தானியத் தன்னார்வலர்கள் இணையத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே கிளான் மக் என்று தொடங்கும் கப்பல்களின் வரிசையை எடுத்துக்கொண்டேன். லண்டனில் இருக்கும் மச்சான் கில்ட்ஹோல் நூலகத்துக்குப் போய், லொயிட்ஸ் பட்டியல் என்ற நாளிதழின் பழைய தொகுதிகளில் கொழும்புக்கு வந்துபோன கப்பல்களைக் குறித்துத் தந்தார். வருடம் தெரியாதபடியால், கடிதத்தில் பெயர் சொல்லி விசாரிக்கப்பட்ட கடைக்குட்டிப் பிள்ளையின் பிறப்புப் பதிவை ஓர் எல்லையாகவும், சுகமாயிருக்கும்படி வாழ்த்தப்பட்ட கொப்பாட்டியின் மரணத்தை மற்றோர் எல்லையாகவும் வைத்தேன். நடுவில் நான்கு மாசி மாதங்கள் நின்றன. அந்த நான்கு மாசியிலும் கொழும்பைத் தொட்ட, பெயரின் நீளம் பூச்சி தின்ற இடத்துக்குப் பொருந்துகிற கப்பல்கள் மூன்று. மச்சான் இந்த வேலைக்குச் சம்பளமாக ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கேட்டார், இன்னும் கொடுக்கவில்லை.

பட்டியல்கள் இருக்கும் இடம்தான் இந்தத் தேடலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1860கள் முதல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சேர்ந்துபோன இந்தத் தாள்மலையை வைத்திருக்க லண்டனில் இடம் இல்லாமல் போயிற்று. பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகம் பத்தில் ஒரு பங்கை மாதிரிக்கு வைத்துக்கொண்டது. கிரீனிச்சிலிருக்கும் தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் ஐந்தில் முடியும் வருடங்களை எடுத்துக்கொண்டது. மீதியில் மிகப்பெரும் பகுதியை, மொத்தத்தில் ஏறக்குறைய எழுபது வீதத்தை, 1971இல் கனடாவின் நியூபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. 1863 முதல் 1938 வரையிலான பட்டியல்களைச் சென்ட் ஜோன்ஸ் நகரிலுள்ள அதன் கடல்சார் வரலாற்றுக் காப்பகத்தில் கப்பல் எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். நான் லண்டனுக்கு ஆள் அனுப்பித் தேடிக்கொண்டிருந்த தாள்கள், நான் குடியுரிமை பெற்ற நாட்டில், எனக்கு முன்னமே வந்து இறங்கியிருந்தன. 1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழ் அகதிகள் தத்தளித்ததும், மீனவர்கள் அவர்களைக் கண்டு மீட்டதும் அதே நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால்தான். என் அப்பாவின் நண்பர் ஒருவர் அந்தப் படகில் இருந்தவர். நான் சென்ட் ஜோன்சுக்கு எழுதுகிறேன் என்று கேள்விப்பட்டதும், அங்கே மூடுபனி எப்படி இருக்கும் தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

மூன்று எண்களை அனுப்பினேன். ஆசியத் தொழிலாளர்களைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்து வைத்துக்கொள்ளும்படி எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட தென்னாசியக் கப்பல் தொழிலாளர்கள் பெரும்பாலும் இந்தியத் துறைகளில் தனி உடன்படிக்கையில் அமர்த்தப்பட்டார்கள். சாரங் எனப்படும் மேலாள் ஒருவர் தன் ஆட்களை ஒட்டுமொத்தமாகக் கொண்டுவருவார். அந்தத் தாள்கள் பலவேளைகளில் பிரதான பட்டியலோடு வந்து சேரவில்லை. நூறு ஆண்டுக்குமுன் ஓடிய பல கப்பல்களின் பட்டியலில் ஐரோப்பியர்களின் பெயர் முழு விவரத்தோடு இருக்கும். லஸ்கர்களுக்கு வெறும் தொகை இருக்கும். இதுவும் ஒரு குடிசன மதிப்பீடுதான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

முதல் இரண்டு கப்பல்களிலும் அப்படியே நடந்தது. மூன்றாவது கப்பலின் 1908ஆம் ஆண்டு உடன்படிக்கை மின்வருடப்பட்டு வந்தபோது இரவு பதினொரு மணி. பெரிய தாள், நாலாய் மடித்த கோடுகள் தெரிகின்றன, மடிப்பு ஓடும் இடத்தில் மை பரவியிருக்கிறது. ஸ்கொட்லாந்துப் பெயர்கள் இரண்டு பக்கம் நிறையப் போகின்றன. கடைசியில், பயணத்தின் இடையில் ஆள் குறைந்ததால் கொழும்பில் சேர்க்கப்பட்டவர்களுக்கு என்று நான்கு வரிகள் இருக்கின்றன. மூன்றாவது வரியில், ஆங்கிலக் கையெழுத்துகளுக்கும் பெருக்கல் குறிகளுக்கும் நடுவில், தமிழ்.

புள்ளி வைக்காத மெய்யெழுத்துகள். ஓலையில் எழுதப் பழகியவரிடம் படித்த கை என்று தெரிகிறது. கொடுத்திருக்கும் பத்தி சிறியதாகையால் கடைசி இரண்டெழுத்தும் கீழே இறங்கி அடுத்தவருடைய வரிக்குள் காலை நீட்டிக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் எழுத்தர் தன் காதுக்குக் கேட்டபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பது எங்கள் பெயரே அல்ல. அந்த ஆங்கிலத்தை மட்டும் வைத்து எந்தத் தேடுபொறியில் தேடியிருந்தாலும் அவர் என் கையில் அகப்பட்டிருக்கமாட்டார். வயது 34 என்று இருக்கிறது. குடும்பக் கணக்குக்கு இரண்டு வயது குறைவு. பிறந்த இடம் ஜப்னா. வேலை சுக்கான் பிடிப்பது. தாளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியின் வீட்டில் அப்போது காலை. வீட்டுக் கடிதத்தின் கடைசி வரியைக் கிட்டத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். இரண்டையும் அருகருகே வைத்தேன். முதலெழுத்தின் கொம்பை அவர் இரண்டு இடத்திலும் தலைகீழாகச் சுழித்திருக்கிறார். அப்படிச் சுழிக்கிற இன்னொருவரை நான் கண்டதில்லை.

அண்ணன் நாற்பது வருடம் கப்பல் நடத்தியவர். கடலில் அவருடைய பெயர் எந்த அரசாங்கத் தாளிலும் எனக்குக் கிடைக்கவில்லை. தம்பி அந்நியன் கப்பலில் ஆள் குறைந்த இடத்துக்கு ஏறியவர். அவருடைய கையெழுத்தே நியூபவுண்ட்லாந்தில் பெட்டிக்குள் இருக்கிறது. மாமிக்கு இது நியாயமாகப் படவில்லை. "பெரியவருக்கு எழுதி வைக்க ஒருத்தரும் இல்லையோ" என்று இரண்டு முறை கேட்டார்.

லண்டனில் இறந்தார் என்ற பகுதி மட்டும் பொய். 1891 முதல் கடலில் இறந்தவர்களுக்கென்று வைக்கப்பட்ட பதிவேடுகளில் அவரை நான் முன்பே தேடிக் காணாமல் விட்டிருந்தேன். காரணம் இப்போது விளங்கியது. அதே வரியின் வலது கோடியில், வேலையிலிருந்து விடுவிக்கப்பட்ட இடம் கல்கத்தா என்றும், இரு தரப்புச் சம்மதத்தோடு என்றும் குறிக்கப்பட்டிருக்கிறது. கணக்குத் தீர்த்து வாங்கியதற்கு அடையாளமாக அங்கேயும் ஒரு கையெழுத்து இருக்கிறது. இந்தமுறை எழுத்துகள் நெருக்கமாக, பத்திக்குள் அடங்கியிருக்கின்றன. கல்கத்தாவில் இறங்கியவர் பிறகு எங்கே போனார் என்பதை முன்னோக்கித் தேடுவது கடினம். பின்னோக்கிப் போக ஒரு வழி உண்டு: உடன்படிக்கையில், இதற்கு முன் எந்தக் கப்பலில் வேலை செய்தார், எந்த வருடம் விடுவிக்கப்பட்டார் என்று ஒரு பத்தி இருக்கிறது. தம்பியாருக்கு நேரே அங்கே ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெயரில் அக்காலத்தில் ஓடிய ஐந்து கப்பல்களை எண்ணோடு எழுதி, நேற்றுச் சென்ட் ஜோன்சுக்கு அனுப்பியிருக்கிறேன். பெட்டி எடுத்துப் பார்த்துப் பதில் சொல்ல ஆறு கிழமை ஆகும் என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குள் மச்சானுக்கு மாம்பழம் அனுப்ப வேண்டும்.